மேல் கொட்டகையில் உமி, கீழ்க் கொட்டகையில் மரத்தூள்

போன மாதம் ஒரு மத்தியானம் நிஷா ஈப்போ சிலிபினில் இருக்கும் என் வீட்டுக்கே வந்துவிட்டாள். நான் ஓய்வு பெற்ற பிறகு, ஈப்போவுக்கு வெளியே உள்ள கோழிப் பண்ணை நிறுவனத்தின் சோதனைக் கூடத்தை இப்போது அவள்தான் பார்த்துக்கொள்கிறாள். தீவன ஆலையில் ஒரு தகராறு என்றாள். எங்கள் நிறுவனத்தின் தீவனத்தில் நூறு கிலோவுக்கு மூன்று கிலோ உமி சேர்க்க வேண்டும், அதையும் அரைக்காமல் முழுசாகச் சேர்க்க வேண்டும் என்று ஒரு விதி உண்டு. ஆலைக்குப் புதிதாக வந்திருக்கும் பொறியாளர் அதை எடுத்துவிடலாம் என்கிறாராம். உமியில் என்ன சத்து இருக்கிறது, இயந்திரம் தேய்வதுதான் மிச்சம் என்பது அவர் வாதம்.

"அக்கா, இந்த ரூல் யாரு போட்டது? பைல்ல ஒரே ஒரு வரிதான் இருக்கு. 'டாக்டர் ஜமால் சொன்னபடி'ன்னு. காரணம் ஒண்ணும் எழுதல லா."

காரணம் எழுதப்பட்டது. நான்தான் தட்டச்சு செய்தேன். அந்த அறிக்கை தலைமை அலுவலகத்துக்குப் போனது, அங்கேயே எந்த அலமாரியிலோ தங்கிவிட்டது. நிஷாவிடம் வாயால் சொன்னேன். கேட்டுவிட்டு, "அக்கா, இத எழுதிக் குடுங்க, எனக்கு வேணும்" என்றாள். அதனால் எழுதுகிறேன். தீவனத்தில் ஆன்டிபயாடிக் கலப்பதற்குக் கட்டுப்பாடுகள் இறுகிவிட்ட இந்தக் காலத்தில் கோழியின் குடல், நார்ச்சத்து, நோய் எதிர்ப்பு என்று எல்லாரும் பேசுகிறார்கள். நாங்கள் அதைத் தெரிந்துகொண்டது ஒரு பெண்ணைப் பொய்க்காரி என்று சொன்ன பிறகுதான். சொன்னவர்களில் நானும் ஒருத்தி.

நான் கோப்பெங் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள். பள்ளியில் எஸ்.பி.எம். பரீட்சை முடித்து, கால்நடை உதவியாளர் பயிற்சிக்குப் போனேன். பயிற்சியில் மாட்டுக்கு ஊசி போடவும் ஆட்டுக்குக் குளம்பு வெட்டவும் சொல்லிக் கொடுத்தார்கள். வேலை கிடைத்ததோ கோழிக் கம்பெனியில். முதல் வாரத்தில் கோழி வெட்டும் கத்தரியை எந்தக் கையில் பிடிப்பது என்றே எனக்குத் தெரியவில்லை.

டாக்டர் ஜமால் எங்கள் கம்பெனியின் கால்நடை மருத்துவர். தமிழ் முஸ்லிம். அவருடைய அப்பா ஈப்போ பழைய நகரத்தில் சாப்பாட்டுக் கடை வைத்திருந்தவர். டாக்டர் ஒல்லியான மனிதர், குரல் உயராது. செத்த கோழியை மேசையில் வைத்தவுடன் வெட்ட மாட்டார். முதலில் எடை. பிறகு கண், கொண்டை, கால், ஆசனவாய். அப்புறம் தோலை ஈரப்படுத்தி, இறகு பறக்காமல் நடுவில் கீறித் திறப்பார். குடல் முழுவதையும் நீளமாகக் கிடத்தி, மேலிருந்து கீழ்வரை ஒவ்வொரு விரற்கடையாகப் பார்ப்பார். பார்க்கும்போது நான் பக்கத்தில் நின்று எழுத வேண்டும்.

ஒருமுறை நான் அவசரப்பட்டு, "டாக்டர், இது ரத்தக் கழிச்சல்" என்றேன்.

"பேரு சொல்லாதம்மா. என்ன தெரியுதுன்னு சொல்லு."

"குடல் வீங்கியிருக்கு."

"எங்க?"

"நடுவுல."

"நடுவுன்னா எது நடுவு? அளந்து சொல்லு."

அளந்தேன். அவர் பென்சிலால் எழுதிக்கொண்டார். பேனாவால் எழுதுவதே இல்லை. சோதனைக் கூடத்தில் எல்லாம் ஈரம், மை கரையும், பென்சில் கரையாது என்பார். வேலை முடிந்ததும் முழங்கைவரை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, துண்டில் ஒவ்வொரு விரலாகத் துடைத்துக்கொண்டு, அப்போதுதான் நோயின் பெயரைச் சொல்வார். சில நாள் பெயர் சொல்லாமலே போய்விடுவார். தெரியாததைத் தெரியாது என்று எழுதச் சொல்வார். பண்ணை மேனேஜர்களுக்கு அது பிடிக்காது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். என் வேலையில் நான் மிகவும் விரும்பியது ரத்தச் சோதனை. சம்பார் ஆயாம் என்று மலாயில் சொல்வார்களே, கழுத்து திருகிக்கொண்டு கோழி கூட்டம் கூட்டமாகச் சாகும் நோய், அதற்குத் தடுப்பு மருந்து கொடுத்து மூன்று வாரம் கழித்து ரத்தம் எடுப்போம். கோழியின் உடம்பில் எதிர்ப்புச் சக்தி எந்த அளவு உருவாகியிருக்கிறது என்று பார்ப்பதற்காக. சிறு சிறு குழிகள் உள்ள தட்டில் ரத்தத்தின் தெளிந்த நீரை ஒவ்வொரு குழியிலும் பாதி பாதியாகக் குறைத்து ஊற்றி, நோய்க்கிருமித் திரவமும் சிவப்பணுவும் சேர்க்க வேண்டும். எதிர்ப்புச் சக்தி இருந்தால் சிவப்பணு குழியின் அடியில் நெற்றிப் பொட்டு மாதிரி வட்டமாக உட்காரும். இல்லாவிட்டால் மெல்லிய படலமாகப் பரவிவிடும். எத்தனை குழிவரை பொட்டு தெரிகிறதோ அத்தனை வலு. நல்ல கூட்டத்தில் எல்லாக் கோழிக்கும் வரிசை ஏறக்குறைய ஒரே நீளத்தில் நிற்கும்.

இப்போது ராசம்மா அக்கா கதைக்கு வருகிறேன்.

ராசம்மா அக்கா எங்கள் தோட்டத்துக்காரர்தான். எனக்கு எட்டு வயது மூத்தவர். தோட்டம் விற்கப்பட்டு ரப்பர் மரங்கள் போய்ப் பாமாயில் எடுக்கும் செம்பனை வந்தபோது பலர் ஈப்போவுக்கு வேலை தேடிப் போனார்கள். ராசம்மா அக்கா கோப்பெங்கிலிருந்து உள்ளே போகும் சாலையில் ஒரு சரிவு நிலத்தில் இரண்டு கொட்டகை போட்டு எங்கள் கம்பெனிக்கு நாட்டுக்கோழி வளர்த்தார். குஞ்சு, தீவனம், மருந்து எல்லாம் கம்பெனி கொடுக்கும். இடமும் உழைப்பும் அவருடையது. கணவர் இறந்து சில வருடம். மகள் கோலாலம்பூரில். அக்கா தனியாகவே இரண்டு கொட்டகையையும் பார்த்துக்கொண்டார். எங்கள் பட்டியலில் ஒழுங்கான பண்ணைகள் என்று எண்ணினால் அவருடையது முதல் மூன்றுக்குள் வரும்.

அந்த வருடம் தீவன ஆலையில் புது முறை கொண்டு வந்தார்கள். முன்பு தீவனத்தில் கோதுமைத் தவிடும், செம்பனைக் கொட்டைப் புண்ணாக்கும் கணிசமாக இருந்தன. இரண்டிலுமே நார் அதிகம். புது முறையில் அவற்றை வெகுவாகக் குறைத்து, சோளத்தையும் சோயாவையும் மாவு மாதிரி நைசாக அரைத்து உருண்டையாக்கினார்கள். கோழி குறைவாகத் தின்று சீக்கிரம் எடை கூடும் என்பது கணக்கு. எடையும் கூடத்தான் செய்தது. எல்லாருக்கும் சந்தோஷம்.

ராசம்மா அக்காவின் பண்ணையில் அந்தத் தீவனம் தின்ற முதல் கூட்டத்துக்கு ஏழு வாரம் ஆனபோது கீழ்க் கொட்டகையில் சாவு தொடங்கியது. முதல் நாள் பத்து, அடுத்த நாள் முப்பது. பச்சைக் கழிச்சல், கழுத்துத் திருகல். மேல் கொட்டகையில் ஒன்றிரண்டுதான். இரண்டுக்கும் நடுவில் இருபது அடி தூரம்கூட இல்லை.

நான் போய் இரண்டிலும் ரத்தம் எடுத்தேன். மறுநாள் தட்டைப் பார்த்தபோது எனக்கே அதிர்ச்சி. மேல் கொட்டகைக் கோழிகளுக்குப் பொட்டு வரிசை நீளமாக நின்றது. கீழ்க் கொட்டகைக் கோழிகள் பாதிக்குமேல் இரண்டு குழி, மூன்று குழியோடு நின்றுவிட்டன. ஒரே நாள் பொரித்த குஞ்சு, ஒரே மருந்து.

உற்பத்தி மேனேஜர் தட்டைப் பார்க்கவில்லை, எண்களைப் பார்த்தார். அவர் சீனர், விவரமானவர், கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். மலாயில் ஒரே வாக்கியம் சொன்னார்: மேல் கொட்டகைக்கு மருந்து கொடுத்திருக்கிறாள், கீழ்க் கொட்டகைக்குச் சோம்பல்பட்டு மருந்தைக் கீழே ஊற்றியிருக்கிறாள். அப்படிச் செய்தவர்களும் உண்டு. தடுப்பு மருந்து தண்ணீரில் கலந்து கொடுப்பது பெரிய வேலை. விடிந்ததும் தண்ணீர்க் கிண்ணங்களைத் தூக்கிவிட்டு, கோழிகளை ஒன்றரை மணி நேரம் தாகத்தில் வைக்க வேண்டும். பால்மாவு கலந்த தண்ணீருக்குள் மருந்துக் குப்பியை முக்கி உள்ளேயே திறக்க வேண்டும். வெயில் ஏறுவதற்குள் எல்லாக் கோழியும் குடித்தாக வேண்டும். ஒரு ஆள் இரண்டு கொட்டகைக்கும் அதைச் செய்வது கஷ்டம். எனக்கும் மேனேஜர் சொன்னதுதான் சரியென்று பட்டது.

டாக்டர் அப்போது வெளியூரில் ஒரு கூட்டத்துக்குப் போயிருந்தார். அவர் வரும்வரை நான் பொறுத்திருக்கலாம். பொறுக்கவில்லை. நேராக அக்காவிடம் போனேன். அவர் செத்த கோழிகளைக் குழியில் போட்டு மண் தள்ளிக்கொண்டிருந்தார்.

"அக்கா, ஒண்ணு கேக்கணும். கோவிச்சுக்காதீங்க. கீழ்க் கொட்டகைக்கு நெசமாவே மருந்து குடுத்தீங்களா?"

மண்வெட்டியை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"என்ன கேக்கிற நீ?"

"ரத்தத்துல மருந்து தெரியல அக்கா. மேல இருக்கு, கீழ இல்ல. அன்னிக்கு முடியலைன்னா முடியலைன்னு சொல்லுங்க. நான் மேனேஜர்கிட்ட பேசுறேன்."

"முடியலைன்னா போன் போட்டு உன்னையத்தானே கூப்பிட்டிருப்பேன். ரெண்டு கொட்டகைக்கும் குடுத்தேன். குப்பி ரெண்டும் அங்க இருக்கு பாரு."

"காலிக் குப்பி யாரும் காட்டலாம் அக்கா."

இதைச் சொன்னது நான்தான். இன்றைக்கும் அந்த வார்த்தை என் வாயில் எப்படி வந்தது என்று தெரியவில்லை. ராசம்மா அக்கா திரும்பி மண் தள்ள ஆரம்பித்தார். நான் காரில் ஏறும்வரை நிமிரவே இல்லை.

அந்த வாரமே கம்பெனி அவருடைய ஒப்பந்தத்தை நிறுத்தியது. கோழிகளை லாரியில் ஏற்றிப் போனார்கள். நல்ல வேளையாக அதற்கு முதல் நாள் டாக்டர் திரும்பி வந்துவிட்டார். செத்த கோழி பன்னிரண்டை நான் வெட்டி எழுதி வைத்திருந்ததைப் படித்தார்.

"எல்லாம் கீழ்க் கொட்டகைக் கோழியா?"

"ஆமா டாக்டர். அங்கதானே சாகுது."

"செத்தத மட்டும் வெட்டிப் பார்த்தா ஏன் செத்துச்சுன்னு தெரியாதும்மா. சாகாததையும் வெட்டிப் பாரு. வா போலாம்."

அன்றைக்கே போய் மேல் கொட்டகையிலிருந்து ஆறு, கீழ்க் கொட்டகையில் நோய் தெரியாத ஆறு கோழிகளைக் கொண்டு வந்தோம். ராசம்மா அக்கா வீட்டுக்குள் இருந்தார், வெளியே வரவில்லை. டாக்டர் கொட்டகைத் தரையில் குந்தி உட்கார்ந்து, கோழிகளுக்குப் பரப்பியிருந்த படுக்கையைக் கையில் அள்ளிப் பார்த்தார். அப்போதுதான் நானும் கவனித்தேன். மேல் கொட்டகையில் உமி பரப்பியிருந்தது. கீழ்க் கொட்டகையில் மரத்தூள், பவுடர் மாதிரி நைசானது. அந்த முறை உமி லாரி பாதிச் சுமைதான் கொண்டுவந்ததாம், மிச்சத்துக்குப் பலகை ஆலையிலிருந்து தூள் வாங்கிப் போட்டிருக்கிறார் என்று பக்கத்துத் தோட்டக்காரர் சொன்னார்.

பன்னிரண்டு கோழியையும் வரிசையாக வைத்து வெட்டினோம். டாக்டர் ஒவ்வொன்றின் அரைப்பையையும் தனியாக எடுத்து எடை போடச் சொன்னார். அரைப்பை என்றால், கோழிக்கறி வாங்கும்போது ஹெம்பெடால் என்று கேட்டு வாங்குவோமே, அதுதான். கோழிக்குப் பல் கிடையாது, அந்தத் தசைப் பைதான் பல். மேல் கொட்டகைக் கோழிகளுடையது கெட்டியாக, உள்ளங்கையில் கனமாக இருந்தது. கீறினால் உள்ளே தீவனத்தோடு, படுக்கையிலிருந்து கொத்தித் தின்ற உமி. கீழ்க் கொட்டகைக் கோழிகளுடையது தொளதொளவென்று, அதற்கு மேலே இருக்கும் இரைப்பையிலிருந்து பிரித்துப் பார்க்கவே கஷ்டமாக இருந்தது. உள்ளே வெறும் கூழ்.

"கீழ வா," என்றார் டாக்டர். குடலைச் சொன்னார்.

கீழ்க் கொட்டகைக் கோழிகளின் குடற்சுவர் மெலிந்து, அங்கங்கே சிவந்து கிடந்தது. முடிவில் இருக்கும் இரண்டு குருட்டுக்குடலும் சுருங்கியிருந்தன. வாலுக்கு அடியில் கோழிக்கு ஒரு சிறு பை உண்டு, நோயை எதிர்க்கும் அணுக்கள் வளர்கிற இடம். அதுவும் மேல் கொட்டகைக் கோழிகளுடையதைவிடச் சிறியதாக இருந்தது. நான் அளந்து சொல்லச் சொல்ல அவர் எழுதினார். கடைசிக் கோழி முடிந்ததும் கை கழுவினார். துடைத்தார். பெயர் சொல்லவில்லை.

"டாக்டர், மருந்து கொடுக்கலைன்னா அரைப்பை ஏன் சின்னதாகணும்?" என்று நானே கேட்டேன்.

"அதத்தான் நானும் நினைச்சுக்கிட்டிருக்கேன்."

உட்கார்ந்து எனக்கு விளக்கினார். நார் கோழிக்குச் செரிக்காது, அது சத்து இல்லை. ஆனால் முரட்டு நார் அரைப்பைக்கு வேலை கொடுக்கிறது. வேலை இருந்தால் அந்தத் தசை வளரும், தீவனம் அங்கே நேரம் எடுத்து அரைபடும், அமிலம் நன்றாக ஊறும், கெட்ட கிருமி பல அங்கேயே சாகும். வேலை இல்லாவிட்டால் எல்லாம் கூழாகக் கீழே ஓடும். கொஞ்சம் மெல்லிய நார் குருட்டுக்குடல்வரை போய், அங்கே குடியிருக்கும் நல்ல கிருமிகளுக்குச் சாப்பாடாகும். அவை அதைப் புளிக்கவைத்து உண்டாக்கும் அமிலங்கள்தான் குடற்சுவருக்கு உணவு.

"கோழியோட காவல்காரங்கள்ல நெறைய பேரு குடல்லதான் குடியிருக்காங்க. வீடே ஓட்டையா இருந்தா காவல்காரன் வாசல்லயே சண்டை போட்டுக்கிட்டிருப்பான். நாம தர்ற தடுப்பு மருந்தப் பார்த்துப் படிச்சு வைக்க அவனுக்கு ஏது நேரம்?"

"அப்போ ராசம்மா அக்கா..."

"நான் அப்படிச் சொல்லல. இது என் யோசனை. யோசனை சாட்சி ஆகாது. செஞ்சு பார்க்கணும்."

செய்து பார்த்தோம். சோதனைக் கூடத்துக்குப் பின்னால் இருந்த சாமான் அறையைக் காலி செய்து கூண்டு போட்டு நாற்பது குஞ்சு வளர்த்தோம். கூண்டு என்பதால் படுக்கையைக் கொத்தித் தின்ன வழியில்லை. இருபதுக்குப் புதுத் தீவனம். இருபதுக்கு அதே புதுத் தீவனத்தோடு கழுவி வெயிலில் காயவைத்த உமி. தடுப்பு மருந்தைத் தண்ணீரில் கலக்கவில்லை. டாக்டரே ஒவ்வொரு குஞ்சுக்கும் கண்ணில் ஒரு சொட்டு விட்டார். நான் பிடித்துக்கொண்டேன். சொட்டு உள்ளே போய், குஞ்சு கண்ணை மூடித் திறந்து, ஒருமுறை விழுங்கும்வரை விடக்கூடாது. கொடுத்தார்களா இல்லையா என்ற கேள்வியே வரக்கூடாது என்பதில் அவர் குறியாக இருந்தார்.

ரத்தம் எடுத்துத் தட்டைத் தயார் செய்த அன்று காலை, எந்தத் தட்டு எந்தக் கூண்டு என்று தெரியாதபடி அவர் எண்களை மாற்றி என்னிடம் கொடுத்தார். நான் பொட்டுகளை எண்ணி எழுதினேன். ஒரு தட்டில் வரிசை நீளமாக, ஏறக்குறைய சமமாக இருந்தது. இன்னொன்றில் சில நீளம், பல குட்டை, உடைந்த சீப்பு மாதிரி. அவர் தன் தாளைத் திறந்து பார்த்தார். சமமாக இருந்தது உமி தின்ற கூட்டம்.

எனக்கு உடனே கோப்பெங்குக்கு ஓட வேண்டும் போல இருந்தது.

"ஒரு தடவை பார்த்து நம்பாதே. இன்னொரு நாற்பது வளர்ப்போம்."

"டாக்டர், அந்த அக்கா கொட்டகை காலியா கெடக்கு. ஈப்போவில ஒரு பள்ளிக்கூட கேன்டீன்ல பாத்திரம் கழுவுறாங்களாம்."

"தெரியும்மா. அதனாலதான் சொல்றேன். இப்ப அவசரப்பட்டுப் போய் நின்னு, நாளைக்கு இது தப்புன்னு ஆனா அவங்கள ரெண்டாவது தடவையும் அவமானப்படுத்துற மாதிரி."

இரண்டாவது நாற்பதும் அதையே சொன்னது. முதல் தடவை அளவுக்குப் பெரிய வித்தியாசம் இல்லை, ஆனாலும் திசை அதுதான். மொத்தத்தில் ஐந்து மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது.

டாக்டர் அறிக்கை எழுதினார். நான் தட்டச்சு செய்தேன். அதில் இரண்டு இடம் எனக்கு மனப்பாடம். ஒன்று: நார் குறைந்தது மட்டுமே காரணம் என்று சொல்ல முடியாது, கீழ்க் கொட்டகையில் ஈரமும் இருந்தது, நோய்க்கிருமி வெளியிலிருந்து வந்தது, ஆனால் கோழிகளிடம் எதிர்ப்புச் சக்தி சரியாக உருவாகாததற்கு வளர்ப்பவர் மருந்து கொடுக்காததே காரணம் என்பதற்கு எந்தச் சான்றும் இல்லை. இன்னொன்று: தீவனத்தில் நாரைக் குறைக்கும் மாற்றத்துக்கு மருத்துவர் என்ற முறையில் கையெழுத்திட்டு ஒப்புதல் கொடுத்தவன் நான்.

அந்த இரண்டாவது வரியைத் தட்டும்போது என் விரல் நின்றுவிட்டது. எனக்கு அதுவரை அது தெரியாது.

மேனேஜர் அறிக்கையைப் படித்துவிட்டுச் சோதனைக் கூடத்துக்கே வந்தார். பல காரணங்கள் சேர்ந்து நடந்தது என்று பொதுவாக எழுதினால் போதாதா, கையெழுத்து விவரம் எதற்கு என்று மலாயில் தாழ்மையாகத்தான் கேட்டார். டாக்டரும் மலாயில் பதில் சொன்னார். மேனேஜர் போன பிறகு என் பக்கம் திரும்பித் தமிழில் சொன்னார்:

"அந்தப் பொம்பளை மேல எழுதினப்ப பேரு போட்டுத்தானே எழுதினோம். என் விஷயம் வந்தா மட்டும் பேரு இல்லாம எழுதுறதா?"

தீவன முறையை முடிவு செய்யும் குழுவிலிருந்து அவரை எடுத்துவிட்டார்கள். அதைப் பற்றி அவர் என்னிடம் ஒரு நாளும் பேசியதில்லை. உமி விதி மட்டும் வந்தது.

அதற்கப்புறம் நாங்கள் இன்னொரு பாடமும் படித்தோம், அதையும் சொல்லாவிட்டால் இந்தக் கதை முக்கால் உண்மைதான். உமி நல்லது என்று செய்தி பரவியதும் ஒரு பண்ணைக்காரர் தானாகவே மூட்டை மூட்டையாகக் கலந்தார். மழையில் நனைந்து பூசணம் பிடித்த உமி. அவருடைய கோழிகளின் எதிர்ப்புச் சக்தி கீழ்க் கொட்டகையைவிட மோசமாக விழுந்தது. பூசண நஞ்சு குடலைவிட ஈரலைத்தான் முதலில் பிடிக்கும். இன்னொருவர் புண்ணாக்கை அளவுக்குமேல் போட்டார், குஞ்சுகளின் எச்சம் பசையாகி ஆசனவாயிலேயே ஒட்டிக்கொண்டது, எடையும் ஏறவில்லை. நாரில் பல வகை உண்டு. குடலுக்குள் கூழாக இறுகுவது ஒன்று, முரடாக நின்று வேலை வாங்குவது ஒன்று. எது, எவ்வளவு, எந்த வயதில் என்று பார்க்காமல் 'நார் நல்லது' என்று சொல்வது 'மருந்து நல்லது' என்று சொல்வது மாதிரி. நிஷா, உங்கள் பொறியாளரிடம் இதையும் சொல்.

அறிக்கை ஏற்கப்பட்டதும் கம்பெனி ராசம்மா அக்காவுக்கு மறுபடியும் குஞ்சு கொடுக்க ஒப்புக்கொண்டு ஒரு கடிதம் அனுப்பியது. பதில் வரவில்லை. டாக்டர் ஒரு சனிக்கிழமை காலை என்னைக் கூட்டிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனார். அக்கா எங்களை உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தார். டாக்டர் உட்காரவில்லை.

"அம்மா, ஒங்க மேல தப்பு இல்ல. தீவனத்துல தப்பு. அதுக்கு ஒத்துக்கிட்டுக் கையெழுத்துப் போட்டவன் நான். அதச் சொல்லத்தான் வந்தேன்."

"சரி டாக்டர். ஒக்காருங்க."

பிறகு அவர் பார்வை என் மேல் வந்தது.

"அக்கா, நான் அப்படிக் கேட்டிருக்கக் கூடாது."

"டாக்டர் படிச்சவரு. மேனேஜருக்கு என்னையத் தெரியாது. ஒனக்கு என்னைய நாப்பது வருஷமா தெரியும் லா, சரோ."

அவ்வளவுதான் சொன்னார். குரலில் கோபம்கூட இல்லை. நான் அழுதேன், அவர் தேற்றவில்லை. டாக்டர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார்.

பிறகு அக்கா டாக்டரிடம் சொன்னார்: "குஞ்சு எடுத்துக்கிறேன். ஒரே ஒரு பேச்சு. இனி மருந்து குடுக்குற அன்னிக்கு ஒங்க ஆளு ஒருத்தர் வந்து நிக்கணும். ரெண்டு கொட்டகையிலயும், நான் குப்பி தொறக்குறதுலேருந்து கடைசிக் கோழி குடிக்கிற வரைக்கும். அப்புறம் யாரும் என்னையக் கேள்வி கேக்கக் கூடாது."

"யாரு வரணும்?"

"இவதான்."

ஒன்பது வருடம் போனேன். ஒவ்வொரு கூட்டத்துக்கும் மூன்று முறை. விடியும்போது சிலிபினிலிருந்து கிளம்பினால், அக்கா தண்ணீர்க் கிண்ணங்களைத் தூக்கி முடிக்கும் நேரத்துக்குப் போய்ச் சேர்வேன். உதவி செய்யக் கை நீட்டினால், "வேணாம், நீ பாரு" என்பார். அதனால் நின்று பார்த்தேன். முதல் இரண்டு வருடம் காலை முழுக்க நாலு வார்த்தை பேசினால் அதிகம். குப்பியைத் தண்ணீருக்குள் முக்கும்போது நான் பார்க்கிறேனா என்று ஒருமுறை நிமிர்ந்து பார்ப்பார். பிறகு மெல்ல மெல்லப் பேச்சு வந்தது. மகளுக்குக் குழந்தை பிறந்தது, முட்டிவலி, மழையில் கூரை ஒழுகியது. ஒரு வருடம் தீபாவளிக்கு முறுக்கு கட்டிக் கொடுத்தார். ஆனாலும் மருந்துக் காலையில் நான் வர வேண்டும் என்பது மாறவில்லை. இடையில் டாக்டர் ஜமால் ஓய்வு பெற்றுப் போனார். வேறு மருத்துவர் வந்து, இதற்கெல்லாம் ஒரு ஆள் எதற்கு என்று கேட்டார். விடுப்புப் போட்டுக்கொண்டு போனேன்.

அந்த ஒன்பது வருடத்தில் அவருடைய இரண்டு கொட்டகை ரத்தத்தையும் நான்தான் சோதித்தேன். எல்லா முறையும் நன்றாக வந்ததா என்றால் இல்லை. ஒரு கூட்டம் சுமாராக வந்தது. அப்போது நான் கேட்ட முதல் கேள்வி தீவன ஆலையிடம்.

நான் ஓய்வு பெறுவதற்கு ஏழெட்டு மாதம் முன்பு ஒரு சாயங்காலம் அக்காவின் போன் வந்தது.

"சரோ, நாளைக்குக் குஞ்சுக்கு மருந்து. நீ வரவேணாம்."

"ஏன் அக்கா? ஏதும் கோவமா?"

"கோவம் இருந்தப்பதான் வரச் சொன்னேன்," என்றார். "தூங்கு லா. வயசாவுது ஒனக்கும்."

மறுநாள் விடியலில் வழக்கம்போல விழிப்பு வந்துவிட்டது. எழுந்து முகம் கழுவி, கார்ச் சாவியைக் கையில் எடுத்தேன். பிறகு அதை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டுக் காப்பி போட்டேன். வெயில் ஏறி, கடைசிக் கோழியும் குடித்து முடித்திருக்கும் நேரம்வரை வாசலில் உட்கார்ந்திருந்தேன். நான் போகவில்லை.